பாட்டியின் இரண்டு பற்கள்

'பல்லுப் போனால் சொல்லுப் போச்சு' என்பார்கள். இப்பழமொழியைத் தமிழ் வகுப்பில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். ஆயினும் அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது, எங்கள் பாட்டி கோவளத்து வீட்டு வாசற்படியில் வழுக்கி விழுந்த அன்றுதான். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் அன்றோடு போயின.

பாட்டிக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்புவரைதான். ஆனால் கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்தில் ஜெபமாலை முன்மொழிவதில் அவருக்கு நிகர் அவரே. அந்தக் கணீரென்ற குரலைக் கேட்டுத்தான் இரட்டைப் பிறவிகளான நாங்கள் இருவரும் மந்திரங்களைக் கற்றோம். பற்கள் போனபின் 'சர்வேசுரன்' என்று சொல்ல வாயெடுத்தால் காற்றுத்தான் வந்தது. முன்வரிசைச் சிறுவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் பின்வரிசையில் தூணோரமாக அமர்ந்து உதட்டை மட்டும் அசைக்கத் தொடங்கினார். அதைக் காண எங்களுக்குத் தாளவில்லை.

கழற்றி மாட்டும் பல் செட்டைப் பாட்டி விரும்பவில்லை. ஆகவே அப்பா ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே தாடை எலும்பில் இரண்டு டைட்டானியத் திருகாணிகளைப் பதித்து, அவற்றின்மேல் செயற்கைப் பற்களைப் பொருத்தினார்கள். இதற்குத்தான் 'இம்ப்ளாண்ட்' என்று பெயர். பாட்டிக்குச் சர்க்கரை நோய் உண்டா, வெற்றிலையோடு புகையிலை போடுவாரா என்று யாரும் கேட்கவில்லை; நாங்களும் சொல்லவில்லை. இரண்டே வாரத்தில் பல்லும் ஏறிவிட்டது. வீடெல்லாம் ஒரே மகிழ்ச்சி! மூன்றாம் மாதம் கேழ்வரகு அடை தின்னும்போது வலப்பக்கத்துப் பல் ஆடியது.

எங்கள் செங்கற்பட்டு மாவட்டத்தில் காட்டாங்கொளத்தூர், கேளம்பாக்கம் முதலிய ஊர்களில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அத்தகைய கல்லூரி ஒன்றில் ஒரு டாக்டரம்மா பாட்டியைப் பரிசோதித்தார். எக்ஸ்ரே படத்தில் இடப்பக்கத் திருகாணியின் மரைகளை எலும்பு நெருங்கிப் பற்றியிருந்தது. வலப்பக்கத்தைச் சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. எலும்புக்குப் பதிலாக நார்போன்ற சதை வளர்ந்துவிட்டதன் அடையாளம் அது. அந்தத் திருகாணியை எளிதாகக் கழற்றி, துடைத்து, எங்கள் உள்ளங்கையில் வைத்தார்.

வெள்ளிபோல் மின்னும் என்று எண்ணியிருந்தோம். அதுவோ சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தது. காரணம் கேட்டோம். "வழவழப்பாக இருந்தால் எலும்பு பிடிக்க நாளாகும். அதனால் நுண்ணிய துகள்களை வேகமாகப் பீய்ச்சியடித்து, பிறகு அமிலத்தில் நனைத்து, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள்" என்றார். உடனே பாட்டி, "அம்மி கொத்துற மாதிரின்னு சொல்லுங்க டாக்டரம்மா!" என்றாரே பார்க்கலாம். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "அதேதான் அம்மா. ஆனால் இந்த உளி கண்ணுக்குத் தெரியாது. ஒன்றிலிருந்து இரண்டு மைக்ரான் அளவுக் கொத்துத்தான் மிகவும் பொருத்தம்" என்றார். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரோனெமார்க் 1952ஆம் ஆண்டில் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி ஆராய்ந்தார். பின்னர் அதை எடுக்கப் பார்த்தபோது எலும்பு அதை விடவில்லை! 1965இல் கோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாக டைட்டானியத் திருகாணிகளைப் பதித்தார். லார்சன் 2006இல் இறக்கும்வரை, நாற்பதாண்டுகளுக்கு மேலாக அவை பயன்பட்டன. அக்காலத்துத் திருகாணிகள் இயந்திரத்தில் கடைந்த வழவழப்பானவை. எலும்பு பற்றுவதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் பல் பொருத்தாமல் காத்திருந்தார்கள். 1990களுக்குப் பின் சொரசொரப்பான பரப்பு பரவியது. நல்ல எலும்பாக இருந்தால் ஆறு முதல் எட்டு வாரங்களே போதும் என்றாயிற்று.

எங்களுக்கு ஓர் ஐயம் எழுந்தது. "இரண்டும் ஒரே நாளில் பதித்தவை, எங்களைப்போல் இரட்டைதானே? ஒன்றை எலும்பு ஏற்றது, மற்றொன்றை ஏன் ஏற்கவில்லை?" என்று கேட்டோம்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். திருகாணியை முறுக்கியவுடன் தெரியும் உறுதி, மரத்தில் ஆணி நிற்பது போன்றது. சில நாட்களில் உடல் அந்தப் பழைய எலும்பைக் கரைத்துப் புதிய எலும்பைக் கட்டத் தொடங்கும். பழையது தேய்ந்து புதியது வளராத மூன்றாம், நான்காம் வாரங்களில்தான் பிடிப்பு மிகவும் குறைவு. அந்த நேரத்தில் திருகாணி ஏறத்தாழ 150 மைக்ரானுக்குமேல், அதாவது இரண்டு தலைமுடிகளின் தடிமன் அளவுக்கு, அசைந்தாலே போதும்; எலும்பு வராது, சதைதான் வரும். வலப்பக்கத்தில் எலும்பு மென்மையானது. கடிக்கும் பாரமும் அதன்மேல்தான் விழுந்திருக்கிறது. சர்க்கரையும் புகையிலையும் புதிய எலும்பு வளர்வதைத் தாமதப்படுத்தின. இத்தனைக்கும் நடுவே சொரசொரப்பு மட்டும் என்ன செய்யும்?

அந்த ஞாயிறன்று கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் எங்கள் மாமாவுடன் மாமல்லபுரம் சென்றிருந்தோம். கடற்கரைக் கோயிலுக்கு அருகே அலை மோதும் பாறைகளில் கொட்டலசுகள் அப்பிக் கிடந்தன. அதைப் பார்த்ததும் திருகாணியின் கதையை மாமாவிடம் சொன்னோம். அவர் காலடி மணலில் கறுப்பாகக் கோடிட்டிருந்ததைக் காட்டினார். "இந்தக் கரையோர மணலில் இல்மனைட் என்ற கனிமம் கலந்திருக்கிறது. அதில் இருப்பதுதான் டைட்டானியம். 1791இல் இங்கிலாந்தில் கிரெகர் என்ற போதகர் இப்படிப்பட்ட கறுப்பு மணலை ஆராய்ந்துதான் இந்த உலோகத்தைக் கண்டுபிடித்தார்" என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் எங்கள் கண்ணைத் திறந்தது. கல்பாக்கத்து அதிவேக ஈனுலையில் கடல்நீர் பாயும் குழாய்களுக்கு டைட்டானியத்தைத் தேர்ந்தெடுத்தார்களாம். காற்றுப் பட்டவுடனே அதன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிவிடுவதால் உப்புநீர் அதை அரிப்பதில்லை. ஆனால் ஒரு தொல்லை. செம்பு, கடலுயிர்களுக்கு நஞ்சு. அவை எளிதில் ஒட்டா. டைட்டானியம் யாருக்கும் நஞ்சில்லை. ஆகவே கிருமியும் பாசியும் கொட்டலசும் தாராளமாக வந்து குடியேறும். அவ்வப்போது சுத்தம் செய்தே ஆகவேண்டும்.

அடுத்த முறை சென்றபோது டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னோம். அவர் மிகவும் மகிழ்ந்து, "வாயிலும் அதே கதைதான். டைட்டானியம் தன்மேல் வருபவரை விலக்குவதில்லை. எலும்பு உயிரணு முதலில் வந்தால் எலும்பு, கிருமி முதலில் வந்தால் சீழ். கிரிஸ்டினா என்ற அமெரிக்க மருத்துவர் 1987இல் இதைப் பரப்பைப் பிடிப்பதற்கான ஓட்டப் பந்தயம் என்றே வருணித்தார்" என்றார். சொரசொரப்பு மிகுந்தால் எலும்பு இன்னும் நன்றாகப் பிடிக்குமே என்று நாங்கள் கேட்டதற்கும் விடை அதிலேயே இருந்தது. எலும்புக்குள் இருக்கும்வரை அது நன்மை. ஈறு இறங்கி வெளியே தெரிந்துவிட்டால் அந்தச் சொரசொரப்பே கிருமிகளின் கூடாகிவிடும். அதனால்தான் அளவோடு கொத்துகிறார்கள்.

பாட்டி புகையிலையை விட்டார். ஐம்பதாண்டுப் பழக்கம், எளிதாகப் போய்விடவில்லை. வெற்றிலைப் பெட்டியை எங்களிடமே கொடுத்து, "நான் கேட்டாலும் தராதீங்க கண்ணுங்களா" என்றார். கேட்கத்தான் செய்தார், நாங்களும் தரவில்லை. சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. குழி ஆறிய பிறகு புதிய திருகாணியைப் பதித்தார்கள். மென்மையான எலும்பு என்பதால் இம்முறை அடி குறுகிய, மரைகள் ஆழமான வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார் டாக்டரம்மா. துளையிடும்போது உப்புநீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். 47 டிகிரி செல்சியசுக்குமேல் ஒரு நிமிடம் சூடேறினாலே எலும்பு கெட்டுவிடுமாம். அதன்பின் மூன்று மாதம் அதன்மேல் பல் வைக்கவே இல்லை. அந்த மூன்று மாதமும் பாட்டி கஞ்சியும் குழைந்த சோறும் உண்டு, பின்வரிசைத் தூணோரத்திலேயே இருந்தார்.

ஆடாமல் நிற்பதொன்றே வெற்றியாகாது என்றும் தெரிந்துகொண்டோம். முதலாண்டுக்குப் பிறகு சுற்றியுள்ள எலும்பு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்குமேல் குறையாமல் இருக்கவேண்டும். வலியோ சீழோ கூடாது. ஆகவே ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று வளர்ந்த பாட்டி, இன்று சிறு பிரஷ்ஷால் திருகாணியின் கழுத்தைச் சுற்றிக் காலையும் இரவும் தேய்க்கிறார்.

இக்கதையைக் கேட்ட எங்கள் வகுப்பு அருட்சகோதரி, "உங்கள் மனமும் அந்த உலோகம் போன்றதுதான், பிள்ளைகளே. எது முதலில் குடியேறுகிறது என்பதைக் கவனமாகப் பாருங்கள்" என்றார்கள். அன்று வகுப்பில் யாரும் பேசவில்லை.

அக்டோபர் மாத ஜெபமாலை தொடங்கிய மாலை, பாட்டி தூணோரத்தை விட்டெழுந்து முன்வரிசைக்குச் சென்றார். 'சர்வேசுரன்' என்ற சொல் ஆலயத்தின் கடைசிவரை தெளிவாகக் கேட்டது. முன்பு சிரித்த சிறுவர்கள் உரக்க மறுமொழி சொன்னார்கள். எங்களுக்குத்தான் மறுமொழி சொல்லக் குரல் எழவில்லை.

— இரட்டைச் சகோதரியர்,
பன்னிரண்டாம் வகுப்பு