யோங்டோவின் சுத்தியல்

புசானில் கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் இஞ்சினியராக இருக்கும் தூத்துக்குடித் தம்பி ஒருவன், "வசந்த காலத்துல வாங்கண்ணே, செர்ரிப் பூ பாக்கலாம்" என்று வருடா வருடம் கூப்பிடுவான். பூ பார்க்க அவ்வளவு தூரமா என்று நான் அசையவில்லை. ஒருநாள் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினான். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் பக்கச் சுவர் முழுக்க ஒரு மூதாட்டியின் முகம். ஹெண்ட்ரிக் பைகிர்ஷ் என்ற ஜெர்மன் ஓவியர் 'நம் எல்லோருக்குமான அம்மா' என்ற தலைப்பில் வரைந்தது. யார் இது என்று கேட்டேன். "கப்பல்ல துரு தட்டுத பொம்பளையோ ஞாபகமா வரைஞ்சது. நெசமான ஆளுங்க கொஞ்சப் பேரு இன்னும் வேலைக்கு வாராவ, பாக்கீயளா?" என்றான். சியோலுக்கு வேறு ஒரு வேலையாகப் போனபோது, வார இறுதியில் கேடிஎக்ஸ் ரயில் பிடித்துவிட்டேன். இரண்டரை மணி நேரப் பயணம்.

யோங்டோ, புசான் நகரத்தோடு பாலங்களால் கட்டப்பட்ட ஒரு தீவு. மின் ஜின் லீயின் 'பச்சிங்கோ' நாவலைப் படித்தவர்களுக்குத் தெரிந்த இடம், கதை அங்கேதான் தொடங்குகிறது. 1934இல் கட்டிய யோங்டோ பாலம் கப்பலுக்கு வழிவிடத் தூக்கப்படும். 1966இல் அது நின்றுபோய், 2013இல் மறுபடி தொடங்கியது. இப்போது சனிக்கிழமை மதியம் 2 மணிக்குச் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தூக்குகிறார்கள். கொரியப் போரில் வடக்கிலிருந்து ஓடிவந்தவர்கள், தொலைந்த சொந்தங்களைத் தேடி இந்தப் பாலத்தடியில்தான் காத்துக் கிடந்தார்கள். வெள்ளைச் சுவர் வீடுகளும் கடல் பார்த்த காபிக் கடைகளும் உள்ள ஹுயின்யோல் கிராமத்துக்குப் போகும் கூட்டத்தை விட்டுவிட்டு, நாங்கள் தேப்யோங் பக்கம் திரும்பினோம். நடைபாதை ஓரத்தில் துருப்பிடித்த நங்கூரங்கள், ஆளுயரப் புரொப்பெல்லர்கள், சங்கிலிக் குவியல்கள். அதற்கு நடுவே ஒரு செர்ரி மரம் பூத்து, நங்கூரத்தின் மேல் இதழ் கொட்டிக்கொண்டிருந்தது. பூ பார்த்த கணக்கு அதோடு முடிந்தது.

1887இல் தனாகா என்ற ஜப்பானியர் இங்கே மரக்கப்பல் பட்டறை போட்டார். கொரியாவில் நவீன முறைக் கப்பல் கட்டும் தொழில் அங்கிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். பிறகு இரும்புக் கப்பல் வந்தது, இரும்போடு துருவும் வந்தது. 1957இல் 'ஜினாம்' என்ற கப்பல் சூரை மீன் பிடிக்கப் புசானிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குக் கிளம்பியதும், கொரியாவின் ஆழ்கடல் மீன்பிடிப்பு வேகம் பிடித்தது. கடல் கடலாகச் சுற்றித் திரும்பிய கப்பல்களைச் சுரண்டிச் சுத்தம் செய்ய ஆள் வேண்டியிருந்தது. கூலி குறைவு என்பதால் பெண்கள் வந்தார்கள். சுத்தியல் எழுப்பும் 'காங் காங்' சத்தத்தை வைத்து, ஊரையே காங்காங்கி கிராமம் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

நாங்கள் போன பட்டறையில் நடுத்தர அளவு மீன்பிடிக் கப்பல் ஒன்றை வின்ச் போட்டு ஸ்லிப்வேயில் இழுத்து ஏற்றியிருந்தார்கள். அடிப்பாகத்தில் பாசி, கொட்டலசு, ஒட்டுச் சிப்பி. அதை நீர்ப்பீய்ச்சி அடித்துக் கழுவுவதைச் சற்று நேரம் பார்த்தேன். பெயிண்ட் அடிப்பது அதைவிடச் சலிப்பான வேலை. இரண்டையும் விட்டுவிடுகிறேன். நடுவில் நடப்பதுதான் விஷயம்.

துரு என்பது மேலே படிந்த அழுக்கு இல்லை. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் கூடும், மேலே உள்ள பெயிண்டை அப்பளம் மாதிரி உப்ப வைத்துவிடும். அதன்மேல் எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது. நல்ல தகடு தெரியும்வரை தட்டி எடுக்க வேண்டும். இப்போது பெரும்பகுதியை கிரைண்டரும் மணல் பீய்ச்சும் மெஷினும் செய்துவிடுகின்றன. ஆனால் வெல்டிங் ஓரம், ரிவிட் இடுக்கு, சுக்கான் பொருந்தும் மூலை, தொட்டிக்குள்ளே இருக்கும் குறுக்குச் சட்டம், இங்கெல்லாம் மெஷின் நுழையாது. அதற்குத்தான் சுத்தியல்.

தம்பி ஒரு அம்மாளைக் காட்டினான். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். தலையில் துணி, அதன்மேல் தொப்பி, அதன்மேல் ஹெல்மெட், மூக்கை மூடி மாஸ்க். "இமோ" என்று கூப்பிட்டான். நம் ஊர்ச் சித்தி, பெரியம்மா மாதிரியான முறை. அந்த அம்மாள் திரும்பவில்லை. அவன் இடது பக்கம் சுற்றிப் போய் முகத்துக்கு நேரே நின்றான். வலது காது அறவே போய்விட்டதாம்.

சுத்தியலை வாங்கிப் பார்த்தேன். இரண்டு முனையும் உளிபோலச் சப்பை. ஒன்று பிடிக்கு நேராக, மற்றது குறுக்காக. நம் கப்பலோட்டிகள் சிப்பிங் சுத்தியல் என்பார்களே, அதேதான். பிடியில் கட்டைவிரல் படும் இடம் மட்டும் குழிந்து பளபளத்தது. தலை தேய்ந்தால் சாணை பிடிப்பார்கள், பிடியை மட்டும் கடைசிவரை மாற்ற மாட்டார்களாம். நெட்டுக்குத்தாக அடித்தால் தகட்டில் தழும்பு விழும், அடுத்த துரு அந்தத் தழும்பில்தான் பிடிக்கும். சாய்த்துத் தட்ட வேண்டும், மணிக்கட்டுதான் வேலை செய்ய வேண்டும், தோள் சும்மா இருக்க வேண்டும். செய்து காட்டினார். கணீர், கணீர் என்று போய்க்கொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் மொத்தென்று விழுந்தது. உடனே சாக்பீஸால் அங்கே ஒரு வட்டம். என் கண்ணுக்கு அந்த இடம் வழவழவென்று நல்ல பெயிண்டாகத்தான் இருந்தது. குறுக்கு முனையால் நாலு தட்டு தட்டினார். உள்ளங்கை அகலத்துக்குச் செதில் பெயர்ந்து விழ, அடியில் கறுத்த பொடி கொட்டியது.

காதால் துருவைக் கண்டுபிடிக்கிற வேலை இது. காதைத்தான் முதலில் தின்கிறது. இரும்புத் தொட்டிக்குள் நாலு பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் தட்டினால் என்ன ஆகும்? காதடைப்பான் கொடுக்காத காலத்தில் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வார்களாம். இரவு படுத்த பிறகும் உள்ளே தட்டிக்கொண்டே இருக்குமாம். இப்போது எப்படி நல்ல தகட்டையும் துருவையும் பிரித்துக் கேட்கிறீர்கள் என்று தம்பி மூலம் கேட்டேன். தன் கையைக் காட்டினார். அதிர்வு பிடி வழியாகக் கைக்கு வந்துவிடுகிறதாம்.

புருஷன் சூரைக் கப்பலில் போனவர். ஒருமுறை போனால் இரண்டு வருடம் திரும்பாத ஒப்பந்தம். ஏதோ ஒரு பயணத்தில் கயிறு அறுந்து அடித்து, முதுகு முறிந்து வந்தார். அப்போது இந்த அம்மாளுக்கு முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு சுத்தியலைக் கொடுத்துக் கூட்டிப் போனாள். இரண்டு பக்கமும் கயிறு கட்டித் தொங்கவிட்ட சாரப்பலகையில் உட்கார்ந்து, கீழே பார்க்காமல் தட்டப் பழகியது அப்படித்தான். புருஷன் போன அதே கப்பலும் ஒருநாள் துரு தட்ட வந்ததாம். "கப்பலுக்கு மூணு கோட் அடிச்சாங்க. அந்த மனுஷனுக்கு ஆஸ்பத்திரியில ஒரு ஊசி" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தம்பி அதை மொழிபெயர்க்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டான்.

அவருடைய செல்போன் ராத்திரி முழுக்கக் கன்னத்துக்கு அடியில் இருக்கும். அன்றைக்கு வேலை உண்டா என்று மேஸ்திரி விடிவதற்கு முன் செய்தி அனுப்புவார். மணி அடித்தால் கேட்காது, அதிர்ந்தால் தெரியும். தெரியாமல் தூங்கிவிட்டால் அந்த நாள் கூலி வேறொருத்திக்குப் போய்விடும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கப்பல் முதலாளி பழுதுபார்க்கும் கம்பெனிக்குக் கொடுக்கிறார். கம்பெனி பெயிண்ட் காண்ட்ராக்டருக்குக் கொடுக்கிறது. காண்ட்ராக்டர் மேஸ்திரிக்கு, மேஸ்திரி இந்த அம்மாளுக்கு. ஒவ்வொரு படியிலும் ஒரு கை உள்ளே நுழைந்து எடுத்துக்கொள்கிறது. காது போனதற்கு யார் பொறுப்பு என்றால் எல்லோரும் அடுத்த படியைக் காட்டுவார்கள். உலகத்தின் மிகப் பெரிய கப்பல்களைக் கட்டுகிற தேசத்தில் இதுதான் ஏற்பாடு. 2022இல் பக்கத்துத் தீவான கோஜேயில், தேவூ கப்பல் தளத்தின் துணை ஒப்பந்தத் தொழிலாளர்கள், தொழில் நொடித்தபோது வெட்டிய 30 சதவீதக் கூலியைத் திரும்பக் கேட்டு 51 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு மீட்டர் அகல நீள உயரமுள்ள இரும்புக் கூண்டுக்குள் தன்னையே வைத்து வெல்டிங் செய்துகொண்டார். கிடைத்தது 4.5 சதவீத உயர்வு. பின்னாலேயே 4,700 கோடி வொன் நஷ்டஈடு கேட்டு அவர்கள்மேல் வழக்கும் வந்தது.

யோங்டோவுக்கே இதில் பெரிய கதை உண்டு. தேப்யோங்கிலிருந்து சிறிது தூரத்தில், கரையோரம் ஹன்ஜின் கப்பல் தளம் இருக்கிறது, இப்போது பெயர் மாறிவிட்டது. அங்கே வெல்டராகச் சேர்ந்து 1986இல் வேலைநீக்கம் செய்யப்பட்டவர் கிம் ஜின்சுக் என்ற பெண். 2011 ஜனவரியில் ஆட்குறைப்பை எதிர்த்து 85ஆம் எண் கிரேன்மேல் ஏறியவர், 309 நாள் இறங்கவில்லை. நாடு முழுவதிலிருந்தும் 'நம்பிக்கைப் பேருந்து'களில் ஆட்கள் வந்து கீழே நின்றார்கள். வேலை பறிபோய் ஏறக்குறைய 36 வருடம் கழித்து, ஓய்வு வயதும் கடந்தபின், 2022இல் அவரை ஒருநாள் அடையாளத்துக்குத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். துணை ஒப்பந்தத் தொழிலாளிகள் தாய்க் கம்பெனியோடு நேராகப் பேரம் பேச வழிவிடும் சட்டம் 2025 ஆகஸ்டில்தான் நிறைவேறியது. சங்கமே இல்லாத, செல்போன் அதிர்வில் வேலை பெறும் ஐந்தாறு கிழவிகளை அது எட்டுமா? சுவரில் வரைந்தாயிற்று, அருங்காட்சியகம் வைத்தாயிற்று, சுற்றுலாப் படகு விட்டாயிற்று. தினக்கூலி மட்டும் தினக்கூலியாகவே இருக்கிறது.

இதையெல்லாம் நான் தம்பியிடம் கொட்டித் தீர்க்க, என்ன பேச்சு என்று அந்த அம்மாள் கேட்டார். அவன் சுருக்கிச் சொன்னான். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "மேஸ்திரி நல்ல பையன். அவன் அம்மாவும் என்கூடப் பலகையில உட்கார்ந்தவதான். வயசாயிடுச்சுன்னு கம்பெனி வேண்டாம்னப்ப அவன்தான் கூப்பிட்டான்." சரி, பையன் நல்லவனாகவே இருக்கட்டும். காதுக்கு யார் பணம் கொடுப்பது என்று மறுபடி கேட்கச் சொன்னேன். கேட்க மாட்டேன் என்று தம்பி தலையாட்டிவிட்டான்.

அதற்குள் அவர் அவனுடைய கையைப் பிடித்து ஏதோ வேகமாகப் பேச ஆரம்பித்தார். அடுத்த மாதம் ஒரு ரஷ்ய இழுவைக் கப்பல் வரப்போவது அவர் காதுக்கு எப்படியோ எட்டியிருக்கிறது. தொட்டி வேலையை மெஷின்காரர்களுக்குக் கொடுத்துவிடாமல், தங்கள் ஆட்களைக் கூப்பிட ஆபீஸில் சொல்ல முடியுமா என்று கேட்கிறார். "அது என் கையில இல்ல இமோ" என்றான் தம்பி. "சொல்லித்தான் பாரேன்" என்றார். எத்தனை பேர் வருவீர்கள் என்று அவன் கேட்க, விரல்விட்டு எண்ணி, ஒரு விரலை மடக்கி, மறுபடி நீட்டி, ஐந்து என்றார்.