நாங்களும் சிரித்துவிட்டோம்

தோழர்களே, சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காமெடிப் படம் பார்க்கப் போனோம். எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துப் பிள்ளைகள் 14 பேர், நாங்கள் 3 பேர். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் சினிமாவுக்குக் கூட்டிப்போகிறோம் என்று ஜூலையிலேயே வாக்குக் கொடுத்திருந்தோம். மறந்துவிடுவார்கள் என்று நினைத்தது எங்கள் தப்பு. ஆளுக்கு 120 ரூபாய் டிக்கெட். நண்பர்களிடம் கேட்டு வாங்கிய பணம். டவுன் பஸ்ஸில் பெண் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. பையன்களுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தோம். "இது அநியாயம்ணா" என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கண்டக்டரிடம் வழக்காடியதில் காமெடி பஸ்ஸிலேயே தொடங்கிவிட்டது.

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் பிள்ளைகளை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊர்ப் பசங்க?" என்று கேட்டார். ஊர் பெயரைச் சொன்னதும், "ஊரா, காலனியா?" என்றார். எங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. 2023 மார்ச் 30 அன்று சென்னையில் 'பத்து தல' படத்துக்குக் கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்தியதை மறந்திருக்க மாட்டீர்கள். வீடியோ பரவிய பிறகு, யு/ஏ சான்றிதழ் படம், சின்னக் குழந்தைகள் இருந்தார்கள் என்று விளக்கம் வந்தது. அந்த நினைப்பில் சண்டைக்குத் தயாராகவே நின்றோம். ஆனால் அவர் வேறு எதுவும் பேசாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். பையில் ஒளித்து வைத்திருந்த முறுக்கைக்கூடக் கண்டுகொள்ளவில்லை.

எந்தப் படம் என்று சொல்லப்போவதில்லை. பெயரைச் சொல்லி இலவச விளம்பரம் தருவானேன் என்பது ஒரு காரணம். அந்த ஜோக் அந்தப் படத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பது இன்னொரு காரணம். இடைவேளைக்குச் சற்று முன் பெண் பார்க்கும் காட்சி. மாப்பிள்ளை கறுப்பு. கரண்ட் போகிறது. இருட்டில் பல் மட்டும் தெரிகிறது. "லைட்டப் போடுங்கப்பா, மாப்ளயக் காணோம்" என்கிறார் ஒரு பெரியவர். அவ்வளவுதான். கவுண்டமணி செந்திலைத் திட்டிய காலத்திலிருந்து நமக்குப் பழக்கப்பட்ட சரக்கு.

தியேட்டரே குலுங்கியது. பிள்ளைகள் சீட்டில் எம்பி எம்பிச் சிரித்தார்கள். நாங்கள் மூவரும் சிரித்தோம். இதை ஒளிக்க விருப்பமில்லை. சமூகவியல் படித்தவர்கள், நிற அரசியல் பற்றிப் பயிலரங்கு நடத்துபவர்கள், அரை நொடிகூட யோசிக்காமல் சிரித்துவிட்டோம். சிரிப்பு வருவதற்கு நெஞ்சு கொஞ்ச நேரம் மரத்துப்போக வேண்டும் என்ற கருத்தை ஹென்றி பெர்க்சன் 1900லேயே எழுதியிருக்கிறார். வகுப்பில் படித்து மார்க்கும் வாங்கினோம். மரத்துப்போனது எங்கள் நெஞ்சுதான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

எங்கள் வரிசையில் ஒரு பெண் இருந்தாள். எட்டாம் வகுப்பு. பிள்ளைகளிலேயே நல்ல கறுப்பு. எல்லோரும் சிரித்த பிறகு, பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, அவளும் சிரித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் விளக்கு எரியவில்லை. இருட்டிலிருந்து ஒரு குரல்: "லைட்டப் போடுங்கப்பா, இவளக் காணோம்." அநியாயம் என்று கண்டக்டரிடம் வழக்காடினானே, அதே பையன். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். அவள் பையால் அவன் முதுகில் ஒன்று போட்டாள். விளையாட்டுத்தான். மறுநாள் மாலை மையத்தில் எல்லோரும் போகும்வரை காத்திருந்து கேட்டாள்: "அக்கா, அந்த கிரீம் நெஜமா வேல செய்யுமா?" 2020இல் பெயரில் மட்டும் வெள்ளையைக் கழற்றிவிட்ட அதே கிரீம்தான்.

அந்தப் பையனும் கறுப்புதான், தோழர்களே. நம் தெருப் பிள்ளைதான். ஊர்த்தெரு வழியாகச் சைக்கிளில் போனால் அவனையும் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டோம். அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று விளக்கினார். ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் மிதிக்கக் கீழே ஒரு படி கிடைத்துவிடுகிறது. அந்த ஜோக் திரையிலிருந்து இறங்கி, பஸ் ஏறி, அவன் கைக்கு வந்தபோது அவனுக்கும் ஒரு கீழ்ப்படி கிடைத்தது. அங்கே ஒரு பெண் பிள்ளை நின்றிருந்தாள்.

நமக்குச் சிரிப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நம்மைப் பற்றிய படம் என்றாலே ரத்தமும் ஒப்பாரியும்தான் என்று ஆகிப்போனதில் எங்களுக்கும் சலிப்பு உண்டு. 2012 ஆகஸ்ட் 15 அன்று 'அட்டகத்தி' வெளியானபோது நாங்கள் கல்லூரியில் இருந்தோம். பா. ரஞ்சித் என்ற பெயர் அப்போது யாருக்கும் தெரியாது. பொழுதுபோக்கத்தான் போனோம். படத்தில் தினகரன் பெண்கள் பின்னால் சுற்றுகிறான், தோற்கிறான், காதல் தோல்விக்காகச் சோகமாக இருக்கப் பார்க்கிறான், அதுவும் வரவில்லை. கடைசியில் பூர்ணிமா காதலித்தது இன்னொரு தினகரனை. வயிறு வலிக்கச் சிரித்தோம். வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டோம்: அது நம்ம வீடு மாதிரியே இருந்துச்சில்ல? அந்தக் குடிகார அப்பா, அந்த அம்மா, அந்தத் தெரு. அவன் அசடு வழிந்தது அவன் சொந்த அசடு. பிறப்புக்காகவோ நிறத்துக்காகவோ யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நம் வீட்டுப் பையன் முட்டாளாக இருப்பதற்கும் ஒரு உரிமை உண்டு என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது.

மடோன் அஸ்வினின் 'மண்டேலா' இன்னொரு வகை. முகத்துக்காகவும் முடிக்காகவும் எத்தனையோ படங்களில் கேலி செய்யப்பட்ட யோகி பாபு அதில் முடிதிருத்துபவர். வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வரச்சொல்லும் ஊர், ஒரே ஒரு ஓட்டுக்காக அவர் காலைச் சுற்றுகிறது. நாவிதர் சமூகம் பட்டியல் சாதி இல்லைதான். ஆனால் பின்வாசல் எது என்று நமக்குத் தெரியும். அதில் சிரிப்பு ஊரைப் பார்த்துத் திரும்பியது. தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் 2021இல் அது தியேட்டருக்கு வரவில்லை. தொலைக்காட்சியிலும் பிறகு நெட்ஃபிளிக்ஸிலும்தான் வந்தது. ஊரும் சேரியும் ஒரே இருட்டில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைச் சிரித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதும் ஆசையாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினோம். முதலில் நாங்கள் சிரித்தது தப்பு என்று சொன்னோம். பிள்ளைகளுக்கு அது விசித்திரமாக இருந்தது. "சிரிப்பு தானா வருதுண்ணா, நாங்க என்ன பண்றது?" என்றான் ஒருவன். பதில் உடனே வரவில்லை. தானாக வருவது எப்படி உள்ளே போயிற்று என்று பேசத் தொடங்கி, அவரவர் வீட்டில் புதிதாகப் பிறந்த குழந்தையைப் பார்க்க வருபவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்பதில் வந்து நின்றது. "என்ன கலர்?" என்று ஐந்தாறு குரல்கள் ஒன்றாகச் சொன்னன. கிரீம் கேட்டவள் எதுவும் பேசவில்லை. நாங்களும் அவளை இழுக்கவில்லை.

பிறகு மடிக்கணினியில் 'அட்டகத்தி' போட்டோம். பாதிப் பேர் சண்டை எப்போ வரும் என்று கேட்டார்கள். முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "நல்லாதான் இருக்குக்கா. ஆனா இதுலயும் பொண்ணுங்க பின்னாடியேதான சுத்துறான்?" என்றாள். பத்து வருடத்துக்கு மேலாக அந்தப் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது தேவைதான்.

அந்தப் பையன் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் கட்டாயப்படுத்தவில்லை. பேசி முடித்த அன்று அவன் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டான். மறுநாள் வழக்கம்போல வந்து கணக்கு நோட்டை விரித்தான்.

அரையாண்டு முடிந்ததும் இன்னொரு படம் என்று பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள். இந்தமுறை ஆளுக்குப் பத்து, இருபது என்று அவர்களே சேர்க்கிறார்கள். பெயர்ப் பட்டியல் ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கிரீம் கேட்டவளும் பெயர் கொடுத்திருக்கிறாள். அவன் பக்கத்து சீட்டு மட்டும் வேண்டாமாம்.