வேரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

வாடிய ஆர்க்கிட்டைப் பார்த்ததும் தண்ணீர் ஊற்றத்தான் யாருக்கும் கை பரபரக்கும். இலை தொய்ந்து, சுருக்கம் விழுந்து தொங்கும்போது வேறென்ன தோன்றும்? ஆனால் தண்ணீர் போதாவிட்டாலும் இலை அப்படித்தான் தொங்கும். தண்ணீர் மிதமிஞ்சி வேர் அழுகிப்போனாலும் அப்படியேதான் தொங்கும். வேர் போன செடி எதைக்கொண்டு குடிக்கும்? அதனால் நலிந்த ஆர்க்கிட்டை என்ன செய்வது என்று யார் கேட்டாலும், தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை.

இதை எனக்குப் பழக்கியது அத்தையின் மொட்டைமாடி. அத்தை என்றால் அப்பாவின் தங்கை; நங்கநல்லூரில் இருந்தார். மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு படியேற முடியாமல், மகனோடு புனேவுக்குக் குடிபோக வேண்டியதாயிற்று. பாத்திரம் பண்டத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்தவர், ஆர்க்கிட்டுகளை மொத்தமாக என் பொறுப்பில் விட்டார். "நல்லா இருக்கறதை யாரு வேணா பாத்துப்பாங்க. நலிஞ்சதைத்தான் நீ பாக்கணும் கண்ணு. தேறாதுன்னு தெரிஞ்சா தூக்கிப் போட்டுடு. என்னைக் கேட்டுக்கிட்டு நிக்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் கார் ஏறினார்.

அந்தக் கடைசிச் சொல்தான் என்னை அலைக்கழித்தது. ஒருவர் பிள்ளைபோல வளர்த்ததைத் தூக்கிப்போடும் உரிமை கைக்கு வந்துவிட்டால், அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பது எளிதில்லை. எனக்கு எதையும் எறிய மனம் வராது. கிழிந்த ரவிக்கையைக்கூட மடித்து வைக்கிற வீட்டில் பிறந்தவள்.

முதலில் கையில் எடுத்தது ஃபெலனாப்சிஸ். பூக்கடைகளிலும் புதுமனை புகுவிழாக்களிலும் இன்று அதிகம் கண்ணில் படுகிற ஆர்க்கிட் இதுதான். அது மாசி மாதம். இலைகள் சுருங்கிக் கிடக்க, நடுவிலிருந்து ஒரு பூந்தண்டு மட்டும் மொட்டுகளோடு நிமிர்ந்து நின்றது. இந்த இனம் பூந்தண்டு விட வேண்டுமானால் சில வாரங்களுக்கு இரவு வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். சென்னையில் அது மார்கழி, தையை ஒட்டிய குளிர்மாதங்களில்தான் நடக்கும். சித்திரை, வைகாசியில் நள்ளிரவில்கூட 28 டிகிரி காய்கிற ஊர் இது. ஆக, வருஷத்தில் ஒரே ஒரு முறை கிடைக்கிற வாய்ப்பில் அந்தச் செடி மொட்டு வைத்திருந்தது.

தொட்டியைச் சாய்த்து எடுத்தேன். கடையிலிருந்து வந்த நாளில் வேரைச் சுற்றியிருந்த பாசி உருண்டை அப்படியே இருந்தது. மேலே மொறுமொறுவென்று காய்ந்து, உள்ளே சொதசொதவென்று. வேர்களை ஒவ்வொன்றாக விரலிடுக்கில் பிடித்து அழுத்தினேன். நல்ல வேர் கெட்டியாக நிற்கும். காய்ந்திருக்கையில் வெள்ளி நிறமாக இருக்கும். தண்ணீர் பட்ட சில நொடிகளில் பச்சையேறும். மேலே இருக்கும் வெலமென் என்ற வெண்ணுறை நீரை உறிஞ்சித் தெளிந்ததும், அடியில் இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. மரக்கிளையில் ஒட்டி, காற்றிலும் வெளிச்சத்திலும் வாழப் பிறந்த செடி. இதன் வேரும் இலையைப் போல உணவு சமைக்கும். அழுகிய வேர் பழுப்பாக இருந்தது. இழுத்தால் உறை முழுதும் கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. அப்படியே பெரும்பாலானவை கழன்றன. நல்ல வேர் என்று இரண்டு தேறின.

இரண்டு வேரை வைத்துக்கொண்டு ஒரு பூந்தண்டுக்குத் தீனி போட முடியாது. மொட்டு விரிய விரிய, இலையில் மிச்சமிருக்கும் சத்தும் நீரும் அதற்கே போய்விடும். செடி பூத்து முடித்துச் சாகும். பூவா, செடியா என்று கேட்டால் வாயால் சொல்வது சுலபம். பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த மாடியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு தண்டை அடியில் வெட்டினேன். ஒரு தம்ளர் தண்ணீரில் வைத்த தண்டில் பெரிய மொட்டுகள் மலர்ந்தன, சின்னவை மஞ்சளாகி உதிர்ந்தன. செடியை அடுப்புக்கரியும் செங்கல் துண்டும் கலந்து, பக்கவாட்டில் துளை போட்ட மண் தொட்டியில் வைத்தேன். அடுத்த மழைக்காலத்தில் அடியிலிருந்து புது வேர் ஒன்று, நுனி பச்சையாக, தொட்டியின் துளை வழியே எட்டிப் பார்த்தது. இன்னும் பூக்கவில்லை. பூக்காவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துச் சீமான்கள் உலகமெங்கிருந்தும் ஆர்க்கிட்டுகளைக் கப்பல் கப்பலாக வரவழைத்து, நிலக்கரி மூட்டிய கண்ணாடி வீடுகளில் அடைத்துக் கொன்றார்கள். வெப்ப நாட்டுச் செடி என்றால் நீராவியும் புழுக்கமும்தான் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். வந்தவற்றில் பல, மலையுச்சிக் குளிரிலும் காற்றிலும் வளர்ந்தவை. 1830களில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன்தான் கண்ணாடி வீட்டுக்குக் காற்றோட்டம் கொடுத்து, வெவ்வேறு செடிக்கு வெவ்வேறு குளிர்ச்சி வைத்துப் பார்த்தார், செடிகள் பிழைத்தன. அத்தை மாடியில் எனக்கு வந்த கேள்வியும் அதுவேதான், தலைகீழாக. சென்னைப் புழுக்கத்தில் எது வாழும், எதை நாம் பிடிவாதமாக இங்கே வைத்திருக்கிறோம்?

அதற்குச் சாட்சியாக நின்றது சிம்பிடியம். அத்தை காலிம்போங் போனபோது ஆசைப்பட்டு வாங்கி வந்தது. கத்தி கத்தியாக இலை, குறையே சொல்ல முடியாத பச்சை. ஆனால் இங்கு வந்ததிலிருந்து ஒரு பூ இல்லை. மலைநாட்டுச் சிம்பிடியக் கலப்பினங்களுக்கு இலையுதிர் காலத்து இரவு 10, 15 டிகிரி அளவுக்குக் குளிர வேண்டும். சென்னை அதை எந்தக் காலத்திலும் கொடுக்காது. (அதே பேரினத்தில் சிம்பிடியம் அலோய்ஃபோலியம் என்று ஒன்று நம் தென்னாட்டுக் காடுகளிலேயே வெயில் தாங்கிப் பூக்கிறது; கடையில் தேடுகிறவர்தான் குறைவு.) நோயில்லாத செடியை எப்படி நலிந்தது என்று சொல்வது என்று நீங்கள் கேட்கலாம். பூக்கவே முடியாத ஊரில் பச்சையாக இருப்பதும் ஒரு நலிவுதான் என்று எனக்குப் படுகிறது. 1,850 மீட்டர் உயரத்தில் குன்னூரில் இருக்கும் தோழி வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தேன். கொடுக்கும்போது தொண்டை அடைத்தது உண்மை. பிறகு வந்த வசந்தத்தில் அங்கே தண்டு விட்டது. தோழி படம் அனுப்பினாள். நான் அதைப் புனேவுக்கு அனுப்பினேன்.

டெண்ட்ரோபியங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெயிலும் ஈரக்காற்றும் அவற்றுக்கு உகந்தவை, சென்னையில் ஆர்க்கிட் தொடங்குகிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பூத்து முடிந்த தண்டு இலையெல்லாம் கொட்டி, மூங்கில் குச்சியாய் மஞ்சளித்து நிற்கும். செத்தது என்று வெட்டிவிடாதீர்கள். செடியின் நீரும் சத்தும் சேமிப்பாக இருப்பது அந்த மொட்டைத் தண்டில்தான். சில சமயம் அதன் கணுவிலேயே குட்டிச் செடி வேரோடு முளைக்கும். தடவிப் பார்த்துக் கெட்டியாக இருக்கிற வரைக்கும் அது உயிருள்ள தண்டு.

தொட்டி விளிம்புகளில் வெள்ளையாக உப்பு பூத்திருந்ததையும் கவனித்தேன். ஆழ்துளைக் கிணற்று நீர். ஆர்க்கிட்டின் வேர்நுனி உப்பைத் தாங்காது, கருகிவிடும். மாடியில் விழும் மழைநீரை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து மூடி வைத்தேன். அது தீர்ந்தால், குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் நல்ல நீர். இயந்திரம் ஒதுக்கித் தள்ளுகிற கழிவுநீரை ஊற்றக் கூடாது. உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தண்ணீரை மாற்றிய பிறகு, முடிவெடுக்கத் தெரியாமல் நான் ஒதுக்கி வைத்திருந்த சில செடிகள் தாமாகவே வேர் விட்டன. முடிவைத் தள்ளிப்போடுவதும் சில வேளைகளில் சரியாகவே இருக்கும். ஆனால் தள்ளிப்போடுகிறபோது எதையாவது மாற்ற வேண்டும்.

தள்ளிப்போடவே முடியாதது கேட்லியா விஷயம். அத்தைக்கு மிகப் பிரியமான செடி. மாடியிலேயே நன்றாகப் பூக்கிறதும் அதுதான். மல்லிகைக்கு நிகராக மணக்கும். ஊதா இதழில் வெளிர்க் கீற்றுகள் ஒழுங்கில்லாமல் ஓடியிருந்தன, இலையின் அடியில் குழிந்த பழுப்புத் தழும்புகள். கீற்றை நான் அழகு என்றே நினைத்திருந்தேன். தாவர நோயியல் படித்த நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சாறு எடுத்துப் பரிசோதனைப் பட்டையில் வைத்தார். கோடு விழுந்தது. வைரஸ்.

ஆர்க்கிட்டுகளில் பரவலாக இருப்பவை இரண்டு: சிம்பிடியம் மொசைக் வைரஸ், ஓடன்டோகிளாசம் வளையப்புள்ளி வைரஸ். இவற்றில் இரண்டாவது, புகையிலையைத் தாக்கும் மொசைக் வைரஸுக்கு நெருங்கிய உறவு. வெட்டும் கத்தி, கழுவாத தொட்டி, ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு வழியும் நீர் என்று சாறு போகிற வழியெல்லாம் இவை போகும். தாங்கிய செடி ஆண்டுக்கணக்கில் ஆரோக்கியமாகவே தெரியலாம். தெளிக்க மருந்து கிடையாது. 1960இல் பிரான்சில் ஜார்ஜ் மொரேல் வைரஸ் பட்ட சிம்பிடியத்தின் நுனிக் குருத்தைக் கடுகளவு எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து, நோயில்லாத செடியை உண்டாக்கிக் காட்டினார். ஒரு குருத்திலிருந்து ஆயிரக்கணக்கில் பெருக்கும் வழியும் அங்கேதான் திறந்தது. சாமானியர் வீட்டு ஜன்னலுக்கு இன்று ஆர்க்கிட் வந்திருப்பது அந்த ஆராய்ச்சியின் பலன். ஆனால் மாடியில் இருக்கும் ஒரு கிழச் செடியை எந்த ஆய்வகம் எடுத்துக்கொள்ளும்?

அழுகிய ஃபெலனாப்சிஸைக் காப்பாற்ற அத்தனை பாடுபட்டவள், பூத்துக் குலுங்குகிற கேட்லியாவைக் கொல்ல வேண்டியதாயிற்று. அது இருந்தால் பக்கத்துச் செடிகளுக்கு நிம்மதியில்லை. தனியாக வைக்கலாமே என்று மனசு கெஞ்சியது. தனியாக வைத்தாலும் தண்ணீர் ஊற்றும் கையும், உரம் கலக்கும் வாளியும் என்னுடையவைதான். பூ உதிரும்வரை காத்திருந்தேன். அவ்வளவுதான் நான் எனக்கே கொடுத்துக்கொண்ட சலுகை. பிறகு தொட்டி, கரி, செடி எல்லாவற்றையும் கெட்டிப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுத்தேன். உரக்குழியில் போடவில்லை.

கேட்க வேண்டாம் என்று சொல்லியிருந்தும் அன்று சாயங்காலம் அத்தைக்குப் போன் செய்தேன். நண்பர் சொன்னதை முழுக்கச் சொன்னேன்.

"வாசனை அப்படியேதான் இருந்துச்சா?" என்றார்.

"அப்படியேதான் அத்தை."

"மத்ததுக்கெல்லாம் அதே கத்தியையா வச்ச?"

"இல்ல அத்தை. ஒவ்வொண்ணுக்கும் புது பிளேடு. தொட்டியையும் மாத்திட்டேன். மத்த கேட்லியாவையும் சோதிக்கச் சொல்லியிருக்கேன்."

"செய். அதுல எதுலயாவது கோடு விழுந்தாலும் யோசிக்காதே. அப்புறம், டெண்ட்ரோபியத்துக்கு உரம் பாதி அளவுதான் கலக்கணும், மறந்துடாதே" என்றார் அத்தை.