டை அடிச்சா தலை அரிக்குதா? பட்டு செக்‌ஷன் அக்காவுக்கு நடந்தது இதுதான்!

டை அடித்த மறுநாள் தலை அரித்தால், நம் வீடுகளில் முதல் சந்தேகம் பொடுகின் மேல்தான் விழும். அடுத்தது பேன். அதுவும் இல்லையென்றால் உப்புத் தண்ணீர், வியர்வை, உடம்புச் சூடு என்று ஒவ்வொன்றாக வரும். முந்தின நாள் பூசிய டை மேல் சந்தேகம் வருவது கடைசியில்தான். 'இத்தனை வருஷமா இதைத்தானே போடுறேன், புதுசா என்ன ஆகிடப்போகுது?' என்ற நம்பிக்கைதான் காரணம்.

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் 48 வயதுப் பெண்ணுக்கும் அதே நம்பிக்கை இருந்தது. கடையில் எல்லோருக்கும் அவர் 'பட்டு செக்‌ஷன் அக்கா'. மணப்பெண்ணின் நிறத்தையும் கூட வந்தவர்களின் பட்ஜெட்டையும் ஒரே பார்வையில் கணித்து, சரியான அடுக்கிலிருந்து புடவையை உருவி விரிக்கிறவர். 35 வயதில் காதோரம் நரை எட்டிப் பார்த்தபோது டை அடிக்க ஆரம்பித்தார். 3 வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை இரவு, வேலை முடிந்து வந்ததும். 13 வருடங்களாக ஒரு தொந்தரவும் இல்லை.

ஆசைக்காக மட்டும் அடித்த டை இல்லை அது. கடையில் யாரும் 'டை அடிச்சிட்டு வாங்க' என்று நேரடியாகச் சொன்னதில்லை. 'நீட்டா வாங்க' என்பார்கள். அந்த 'நீட்'டுக்குள் பூவும் பொட்டும் யூனிஃபார்ம் புடவையும் இருப்பதுபோல் கறுப்பு முடியும் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆடித் தள்ளுபடியில் தொடங்கிய அரிப்பு

முதல் அரிப்பு ஆடித் தள்ளுபடி சமயத்தில் வந்தது. டை அடித்த மறுநாள் சாயங்காலம் இரண்டு காதுக்குப் பின்னாலும் நமநமவென்று இருந்தது. கூட்டத்தில் சொறியவா முடியும்? ஹேர்பின்னைச் சரிசெய்வதுபோல் சமாளித்தார். வீட்டில் மகள் தலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பேன் இல்லம்மா, பொடுகாத்தான் இருக்கும்" என்றாள். தயிரும் எலுமிச்சைச் சாறும் தேய்த்துக் குளித்தார். தீயாய் எரிந்தது. நான்கு நாளில் அரிப்பு தானாக அடங்கியதும், பொடுகு போய்விட்டது என்று முடிவுசெய்தார்.

ஆவணியில் மறுபடி டை. இந்த முறை நெற்றியோரம் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்து நீர் கசிந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "மலிவு சரக்கு, அதான்" என்றார். அடுத்த தடவை 'ஹெர்பல்' என்று எழுதிய பாக்கெட் வாங்கினார். அரித்தது. அதற்கடுத்து, பியூட்டி பார்லரில் சொன்னார்களே என்று விலை கூடிய, அமோனியா இல்லாத டை. அதுவும் அரித்தது. கம்பெனி மாறியது, விலை மாறியது, அரிப்பு மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் முன்பைவிடச் சீக்கிரம் வந்தது, கூடுதல் நாள் தங்கியது.

அதற்குள் தீபாவளி வியாபாரம் தொடங்கிவிட்டது. ஜவுளிக்கடைக்காரர்களுக்கு வருடத்தில் அதுதான் முக்கியமான மாதம், ஊழியர்களின் இன்சென்டிவும் அதில்தான். சூப்பர்வைசர் அவர் வகிட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, சீசன் நேரம், கொஞ்சம் நீட்டா வாங்க" என்றார். அந்தச் சனிக்கிழமை இரவும் டை அடித்தார். அரிப்பு மாத்திரை ஒன்றை முன்கூட்டியே போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் அவரால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டு இமையும் பன்னுபோல் வீங்கியிருந்தன. நெற்றி புடைத்து, காது மடல் தடித்து, கழுத்து வரை சிவந்திருந்தது. எட்டு வயதுப் பேரன் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வரப் பயந்தான்.

"13 வருஷம் ஒத்துக்கிச்சே டாக்டர்?"

மகள் அவரைக் கையைப் பிடித்து அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா முதலில் கேட்டது, "மூச்சு விடச் சிரமமா இருக்கா? நாக்கு, உதடு வீங்குதா?" என்றுதான். இல்லை என்றதும், "என்ன டை போட்டீங்க? டப்பா கொண்டு வந்தீங்களா?" என்றார்.

"வழக்கமா போடுறதுதான் டாக்டர். 13 வருஷமா ஒண்ணும் செய்யலையே!"

"13 வருஷமா போட்டதாலதாம்மா இப்போ செய்யுது" என்றார் டாக்டர்.

புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். நிரந்தரக் கறுப்பு தரும் பெரும்பாலான டைகளில் பாரா-ஃபினைலீன்டையமைன் என்ற ரசாயனம் இருக்கிறது. சுருக்கமாக பி.பி.டி. இது தனியாகக் கறுப்புச் சாயம் இல்லை. இன்னொரு பாட்டிலில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு கலக்கும்போது வினை நடந்து, முடிக்குள் போய்ப் பெரிய நிறத்துகளாகி அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் குளித்தாலும் போவதில்லை. வினை முழுதாக முடியும் முன், கொஞ்சம் தோலுக்குள்ளும் இறங்குகிறது. சிலருடைய உடம்பின் எதிர்ப்பு சக்தி அதை எதிரியாகக் குறித்துவைத்துக்கொள்கிறது.

அப்படிக் குறித்துக்கொள்வது முதல் தடவையிலும் நடக்கலாம், பத்து, பதினைந்து வருடம் கழித்தும் நடக்கலாம். ஒருமுறை குறித்துவிட்டால் பெரும்பாலும் மறப்பதில்லை. பிறகு எந்தக் கம்பெனி டையில் பி.பி.டி வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளும். பிராண்டை மாற்றியும் அவருக்குப் பலன் கிடைக்காமல்போனது இதனால்தான். அமோனியா இல்லை என்றால் பி.பி.டி இல்லை என்று அர்த்தமில்லை. 'ஹெர்பல்' என்று எழுதிய பாக்கெட்டிலும், ஷாம்புபோல் தேய்த்தால் கறுப்பாகும் என்று விற்கும் சாஷேவிலும்கூட அது இருக்கலாம். பாக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால்தான் தெரியும்.

அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம், 2006-ம் ஆண்டின் முக்கிய ஒவ்வாமைப் பொருளாகத் தேர்ந்தெடுத்ததே இந்த பி.பி.டி-யைத்தான்.

எரிச்சல் வேறு, அலர்ஜி வேறு

டை அடித்தபின் வரும் எல்லா அரிப்பும் அலர்ஜி இல்லை. டை தலையில் இருக்கும்போதே சுரீரென்று எரிந்து, அலசியதும் குறைந்தால், அது பெரும்பாலும் அமோனியா, பெராக்சைடு தரும் எரிச்சல். பாக்கெட்டில் சொன்னதைவிட அதிக நேரம் ஊறவைப்பது, காயமோ கீறலோ உள்ள தலையில் பூசுவது, சரியாக அலசாமல் விடுவது எல்லாம் இதைக் கூட்டும். டை அடிப்பதற்குச் சற்று முன்னால் ஷாம்பு போட்டு அழுத்தித் தேய்த்துக் குளிப்பதும் நல்லதில்லை. தலைத்தோலில் இயற்கையாக இருக்கும் எண்ணெய்ப்பசை ஒரு திரைபோல் காக்கும், அதையும் கழுவிவிடுகிறோம்.

அலர்ஜி அப்படி உடனே வருவது குறைவு. பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வரும். அதனால்தான் பலருக்கு டை மேல் சந்தேகமே வருவதில்லை. தலைத்தோல் தடிமனானது, அதில் அரிப்போடு நின்றுவிடலாம். மெல்லிய தோல் உள்ள கண் இமை, காது, கழுத்து, நெற்றியோரத்தில்தான் வீக்கமும் நீர்க்கசிவும் பளிச்சென்று தெரியும். காதுக்குப் பின்னால் வரும் நமைச்சலைச் சின்ன விஷயமாக விடக் கூடாது.

அரித்தால் முதலில் செய்ய வேண்டியது, நிறைய தண்ணீர் விட்டு, மென்மையான ஷாம்பு போட்டு, மிச்சம் மீதி டை போகும்வரை அலசுவது. சுடுதண்ணீர் வேண்டாம். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றி எடுத்தால் அரிப்பு அடங்கும். வெறும் வறட்சி என்றால் தேங்காய் எண்ணெய் போதும். சிவந்த தோலில் எலுமிச்சை, வெங்காயச் சாறு, வினிகர் போடவே கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு க்ரீமும் வேண்டாம். நீர் கசிந்தாலோ, முகம் வீங்கினாலோ தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறல், உதடு, நாக்கு வீக்கம், மயக்கம் என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அக்காவுக்கு டாக்டர், சுகர் இருக்கிறதா என்று பரிசோதித்துவிட்டு, வீக்கம் வடியச் சில நாள்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையும், அரிப்புக்கு மாத்திரையும், தலைக்கு லோஷனும் கொடுத்தார். "முடியில இருக்கிற டை போகணும்னா மொட்டை அடிக்கணுமா டாக்டர்?" என்று அழாக்குறையாகக் கேட்டார் இவர். "அதெல்லாம் வேண்டாம். நல்லா அலசின முடியில ஒட்டியிருக்கிற சாயம் பெரும்பாலும் தொந்தரவு பண்ணாது. இனிமே புதுசா போடாம இருந்தா போதும்" என்றார் டாக்டர்.

சில வாரங்கள் கழித்து பேட்ச் டெஸ்ட் எடுத்தார்கள். முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளாகப் பலவகை ரசாயனங்களை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, இரண்டு நாள் விட்டு மறுபடியும் பார்த்தார்கள். பி.பி.டி ஒட்டிய இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. "பல்லு பிடுங்கப் போனாலும், வேற எதுக்குப் போனாலும், டை அலர்ஜி இருக்குன்னு முதல்லயே சொல்லணும்" என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மரத்துப்போகப் பூசும் சில மருந்துகள், சில சல்ஃபா மருந்துகள் இவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உடனடியாகக் கறுப்பாகும் 'பிளாக் மெஹந்தி'யைக் கையிலும் போடக் கூடாது. மருதாணி இலை சிவக்குமே தவிரக் கறுக்காது. கறுக்கிறது என்றால் பெரும்பாலும் அதில் பி.பி.டி கலந்திருக்கும்.

நரையோடு கடைக்கு

நான்கு நாள் லீவில் சம்பளம் பிடித்தார்கள். திரும்பிப் போனபோது வகிட்டில் லேசாக வெள்ளை. அக்கா டாக்டர் சீட்டை நீட்டினார். சூப்பர்வைசர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், பட்டு செக்‌ஷனிலிருந்து கீழ்த்தள பேக்கிங் கவுன்ட்டருக்கு மாற்றினார்கள். அங்கே இன்சென்டிவ் கிடையாது. தீபாவளி வசூலில் அவருக்கு வந்திருக்க வேண்டிய தொகை, பேரனின் ஸ்கூல் ஃபீஸுக்கு என்று வைத்திருந்தது.

அந்த மாதம் அவர் மறுபடி டை பாக்கெட்டைக் கையில் எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். "வீங்கினா நாலு நாள்தானே" என்று மகளிடமே சொன்னார். "அடுத்த தடவை நாலு நாளோட போகும்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாங்களா?" என்று மகள் பிடுங்கிக் குப்பையில் போட்டாள்.

பிறகு தெருவில் இருக்கும் மருதாணி மரத்து இலையை அரைத்து, முழங்கை உள்பக்கம் துளி தடவி, இரண்டு நாள் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தபின் தலைக்குப் போட்டார். நரை ஆரஞ்சு நிறமானது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இதுக்கு வெள்ளையே தேவலாம்" என்று அதையும் விட்டுவிட்டார். இப்போது அவர் தலையில் மேலே வெள்ளை, நடுவில் செம்பட்டை, நுனியில் பழைய கறுப்பு. பின்னி, பூ வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறார்.

தை மாத முகூர்த்தக் கூட்டம் தொடங்கியதும் பட்டு செக்‌ஷனில் ஆள் போதவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குக் கோர்வை எது, சாதா பார்டர் எது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அக்காவை மேலே கூப்பிட்டார்கள். முடியைப் பற்றி யாரும் பேசவில்லை. மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை.

டை அடிப்பதே தப்பு என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. ஒத்துக்கொள்கிறவர்கள் அடிக்கட்டும். ஆனால், செக்‌ஷனில் இருக்கும் பெண்களிடம் ஒன்றை மட்டும் விடாமல் சொல்கிறார்: "டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?" பி.பி.டி உள்ள டைகளில், முதலில் சிறிய இடத்தில் பூசிச் சோதிக்க வேண்டும், இமைக்கும் புருவத்துக்கும் போடக் கூடாது, போட்டால் பார்வையே போகலாம் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. காதுக்குப் பின்னால் அல்லது முன்கை உள்பக்கம் துளி தடவி, 24 மணி நேரம் விட வேண்டும் என்கிறது அந்தக் குறிப்பு. தோல் டாக்டர்கள் 48 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள். முதல் தடவை மட்டுமல்ல, ஒவ்வொரு தடவையும்.

போன வாரம் கடை மூடும் நேரத்தில் சூப்பர்வைசர் பட்டு செக்‌ஷன் பக்கம் வந்தார். அவர் மீசை எப்போதும் கறுகறுவென்று இருக்கும். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மேலுதட்டைத் தேய்த்தபடியே, "அக்கா, ஒரு மாசமா இங்க ஒரே அரிப்பு. க்ரீம் ஏதாவது தெரியுமா?" என்றார்.

அக்கா விரித்த புடவையை மடித்துக்கொண்டே சொன்னார்: "க்ரீம் எல்லாம் வேண்டாம் சார். நான் போன அதே ஓ.பி-க்குப் போங்க. போறப்போ டை டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க. டாக்டரம்மா அதைத்தான் முதல்ல கேட்பாங்க."