ஹெரால்டு எஞ்சினும் நம் மாமியும்

தமிழகத்தில் உருவான கார்கள் பல உண்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் 1961 முதல் செய்து விற்ற ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ அவற்றுள் ஒன்று. அதன் மூலம் 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1980களின் இறுதியில் அத்தொழிற்சாலையும் மூடப்பட்டது. எஞ்சியவை வண்டிகளும், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒரு சில முதியவர்களுமே.

மர்ஹூம் நம் மாமு அவர்கள் வாங்கிய ஹெரால்டு, வேப்பூரில் அவர்தம் வீட்டுக் கொட்டகையில் நெடுங்காலம் நின்றுவிட்டது. திருச்சி நெடுஞ்சாலையில் விரையும் வண்டிகளின் இரைச்சல் அங்கே ஓயாமல் கேட்கும். மாமிக்கு இப்போது வயது 78. “ஓட்டிக் காட்டு மருமகனே, விருத்தாசலம் வரைக்கும் ஒரு தடவை போய்வந்தால் போதும்” என்றார்கள். அவ்வொரு சொல்லுக்காகத் தொடங்கிய வேலை இரண்டாண்டுகளாக நடைபெற்று வருகிறது.

எஞ்சினைக் கழற்றுவது எளிதாயிருக்கவில்லை. அதன் நட்டுகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. நம்மூர்ப் பட்டறைகளில் இருப்பனவோ மில்லிமீட்டர் ஸ்பானர்கள். அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் முதலில் பிடிப்பதுபோல் தோன்றும். பின் வழுக்கி முனைகளை மழுக்கிவிடும். ஒரு பழைய ஸ்பானர் செட்டைத் தேடவே ஒரு மாதம் சென்றது.

பிறகு பிஸ்டன். இணையத்தில் ‘ஹெரால்டு பிஸ்டன்’ எனக் கேட்டால் இங்கிலாந்திலிருந்து உடனே கிடைக்கிறது. வந்த பெட்டியைத் திறந்து பார்த்த நம் மெக்கானிக் பெரியவர், “ஹஜ்ரத், இது நம்ம பிஸ்டன் இல்லை” என்று மூடி வைத்துவிட்டார். அளந்து பார்த்ததில் அவர் சொன்னதே சரி. அங்கே ஹெரால்டு எஞ்சின் 948 சி.சி.யில் தொடங்கி 1147, 1296 என வளர்ந்தது. இங்கோ இறுதிவரை 948ஆகவே நின்றது. நம் சிலிண்டரின் விட்டம் 63 மில்லிமீட்டர், வந்ததோ 69.3க்கு உரியது. ஒரே பெயர், இரு பொருள். அரபியில் ‘ஐன்’ என்றால் கண்ணும் ஆகும், நீரூற்றும் ஆகும்; எதுவென்பதை இடம் நோக்கி அறிந்துகொள்கிறோம். இரும்புக்கு அந்தச் சலுகை இல்லை. நன்னூலார் கண்ட புறனடை எதுவும் சிலிண்டருக்குள் செல்லுபடியாகாது!

இதற்கிடையில், பக்கத்து ஊர் லேத்துப் பட்டறையொன்றில், பிஸ்டன் கைக்கு வருமுன்பே சிலிண்டரைப் போர் போட்டுவிட்டார்கள். பிஸ்டனை அளந்து அதற்கேற்பக் குடைவதே முறை. பெரியவர் அதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். குடைந்ததை மீண்டும் நிரப்ப இயலாதாகையால், நான்கு சிலிண்டர்களுக்கும் ஸ்லீவ் இறக்க நேர்ந்தது. செலவும் இரட்டித்தது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளரை இங்கே நினைத்துக்கொள்கிறோம். களிமண் சூளையில் சுருங்கும் என்பதை முன்னரே கணக்கிட்டு அச்சையே பெரிதாக வைக்கும் அறிவு அவர்களுடையது.

“இவ்வளவு பாடு எதற்கு? மாருதி எஞ்சின் ஒன்றைப் பொருத்திவிடுங்கள்” என்பார் பலர். அதில் நியாயம் இல்லாமலில்லை. மாமியின் வயது நமக்காகக் காத்திராது. மெக்கானிக் பெரியவரின் கைநடுக்கமும் ஆண்டுக்காண்டு கூடுகிறது. ஆகவே மாமியிடமே கேட்டோம். “வண்டி வாசலுக்கு வருமுன்னே சத்தம் வரும், உங்கள் மாமு வருவதை அதை வைத்துத்தான் அறிவேன். அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு எதற்குக் கார்?” என்றார்கள். அதன்பின் மாருதிப் பேச்சை நாம் எடுக்கவில்லை.

உரிய பிஸ்டன்கள் கடைசியில் சென்னைப் புதுப்பேட்டையில், பழைய உதிரிகளின் குவியலொன்றில், காகிதம் பிரிக்கப்படாமலே கிடைத்தன. இப்போது எஞ்சியிருப்பது பிறைவடிவ வாஷர் இரண்டு மட்டுமே. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் தண்டு முன்னோக்கித் தள்ளப்படும். அதைத் தடுத்து நிறுத்துவன இவையே. தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் எஞ்சின் பிளாக்கே பாழாகும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு ஆட்டம் இருக்கலாம் என்பது பெரியவரின் கணக்கு. நேற்று அளந்தபோது முள் ஒன்பதில் நின்றது. சற்றே தடித்த வாஷருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறோம்.