உரிக்கிற கூலி

2024 ஏப்ரல் கடைசியில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நம்பர் பிளேட்டில் ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘தலைமைச் செயலகம்’ என்று எதையாவது ஒட்டிக்கொண்டு திரிகிறவர்கள் அதை எடுத்துவிட வேண்டும். மே 2 முதல் பிடிபட்டால் முதல் தடவைக்கு 500 ரூபாய் அபராதம். டீக்கடையிலும் டிவியிலும் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்களைப் பற்றித்தான் பேச்சு. ஒட்டிக்கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க ஆளில்லை. எனக்கும் தோன்றியிருக்காது. பைக்குக்கு ஸ்டிக்கர் மாற்றுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் நண்பர் ஒருவர்தான், “எனக்கு டேங்க் ஸ்டிக்கர் வெட்டிக் குடுப்பாரே, அந்த அண்ணன் இப்ப வாட்டர் பாட்டில்ல குழந்தைங்க பேரு ஒட்டிக்கிட்டு இருக்காருய்யா. வா, காட்டுறேன்” என்று கூட்டிப்போனார்.

அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, கார் அலங்காரக் கடைகளுக்குப் பேர்போனது. சீட் கவர், ஹாரன், விளக்கு என்று ரோட்டோரமே பாதி வேலை நடக்கும். அங்கிருந்து ஒரு சந்துக்குள் போனால் பத்துக்கு எட்டில் ஒரு கடை. பலகையில் ‘ரேடியம், ஸ்டிக்கர்’ என்பது பழைய எழுத்து. அதற்கடுத்து ‘நம்பர் பிளேட்’ என்று இருந்த இடத்தில் வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டி மறைத்து, மேலே சிவப்பில் ‘கிஃப்ட்’ என்று வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பதினான்கு வயதில் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்து, சுவர் விளம்பரம் எழுதுகிற ஒருவரிடம் பெயின்ட் டப்பா தூக்கியவர். தேர்தல் வந்தால் சின்னம் வரைவார்கள். இல்லாத நாளில் சிமென்ட் விளம்பரம், பனியன் விளம்பரம். பிறகு, நுண்ணிய கண்ணாடி மணிகள் பதித்த ரேடியம் ஸ்டிக்கர் வண்டிகளில் ஏறத் தொடங்கியபோது தூரிகையைப் போட்டுவிட்டு பிளேடைக் கையில் எடுத்தார். ‘முருகன் துணை’ என்பதை அளவுகோல் வைக்காமல் கையாலேயே வெட்டுவாராம். ஃப்ளெக்ஸ் பேனர் வந்து சுவர் எழுதியவர்கள் தொழிலைவிட்டுப் போனபோது, நல்லவேளை முன்னாடியே மாறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கடன் வாங்கி, யாரோ ஓட்டிக் களைத்த 24 இஞ்ச் பிளாட்டர் ஒன்றை வாங்கினார். எழுத்து வெட்ட மிஷின் வந்துவிட்டதால், கார் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கை ஒழிந்தது. அதுதான் நல்ல வரும்படி.

2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டது. “ஒட்டுன கையாலயே உரிச்சிக் குடுத்தேன் சார். உரிக்கவும் காசு வாங்குனேன், அது வேற விஷயம்” என்று சிரிக்கிறார். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கிற புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம் ஆயிற்று. எண்ணை அலுமினியத் தகட்டிலேயே புடைப்பாக அடித்து, ஹாலோகிராம் பதித்து, ஷோரூமிலேயே மாட்டி அனுப்புகிறார்கள். அதில் ஸ்டிக்கர்காரனுக்கு வேலை இல்லை. மிச்சமிருந்த ‘பிரஸ்’, ‘அட்வகேட்’ வகையறாவும் 2024-இல் போயிற்று. மூன்றுமே சரியான உத்தரவுகள் என்றுதான் நினைக்கிறேன். ஊரில் பாதிப்பேர் தலைமைச் செயலகத்தில் வேலை பார்ப்பதுபோல வண்டி ஓட்டியது நமக்கே தெரியும். ஆனால் ஒவ்வோர் உத்தரவும் இந்தப் பத்துக்கு எட்டுக் கடையில்தான் வந்து விழுந்திருக்கிறது.

அவரைக் காப்பாற்றியது ரிட்டர்ன் கிஃப்ட். முதல் பிறந்தநாள், காதுகுத்து, வளைகாப்பு, கொலு எதுவானாலும் வருகிறவர்களுக்குப் பெயர் போட்ட ஏதாவது ஒன்றைக் கொடுத்தனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஸ்டீல் பாட்டில், டப்பா, கீ செயின், பலூன், போட்டோ ஃபிரேம் என்று எல்லாவற்றிலும் வினைல் எழுத்து. பாத்திரக்கடையில் பெயர் வெட்டிக் கொடுக்கிற ஊருக்கு இது புதிதொன்றும் இல்லை.

நாங்கள் போயிருந்தபோது பெரம்பூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். வீட்டில் சின்ன கட்டிங் மிஷின் வைத்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்குப் பெயர் போட்ட பாட்டில் செய்து தருகிறவர். ஆன்லைனில் வாங்கிய பாக்கெட் ஒன்றைக் கையில் கொண்டுவந்திருந்தார். பன்னிரண்டு இஞ்ச் சதுரத் தாள் பத்து, 450 ரூபாய். “இதே மாதிரி கிடைக்குமா அண்ணா?” அண்ணன் ஒரு தாளை வாங்கி ஓரத்தை நகத்தால் நெம்பினார். லேசாக இழுத்துப் பார்த்தார். முதுகுத்தாளைத் திருப்பிப் பார்த்தார். “இது நம்ம ரோலுதாம்மா. சதுரமா வெட்டி கவர்ல போட்டுருக்கான்.”

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. வினைல் ரோல் 24 இஞ்ச் அகலம், 50 மீட்டர் நீளம். ஒரு மீட்டரில் பன்னிரண்டு இஞ்ச் சதுரம் ஆறு கிடைக்கும். முழு ரோலில் முந்நூறுக்கு மேல். அண்ணன் சில்லறையாக மீட்டர் 90 ரூபாய்க்குத் தருகிறார். அப்படியானால் சதுரம் ஒன்று 15 ரூபாய். பாக்கெட்டில் 45. பத்து நிறம் சேர்த்துத் தருகிறான், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறான் என்று பாக்கெட்காரனுக்காகவும் பேசலாம். வீட்டில் பாட்டில் செய்கிற பெண்ணுக்கு 50 மீட்டர் சிவப்பு எதற்கு? ஆனாலும் கத்தரிக்கோலுக்கும் கவருக்கும் மூன்று மடங்கு கொஞ்சம் அதிகம்தான்.

வினைல் என்பது பிவிசி. அதில் இரண்டு வகை. சூடாக்கிய பிவிசியை உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துத் தகடாக்கினால் அது காலண்டர் வகை. இழுத்துச் செய்ததால் நாளாக ஆகப் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். பழைய ஆட்டோக்களில் ஸ்டிக்கர் எழுத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் வரைந்ததில்லை, தகடு சுருங்கி, அடியிலிருந்த பசை வெளியே தெரிந்து, அதில் ரோட்டுத் தூசி ஒட்டிக்கொண்டது. இன்னொன்று காஸ்ட் வகை. திரவமாக ஊற்றிக் காயவைப்பதால் சுருங்காது. மெல்லிசாக இருப்பதால் வளைவிலும் படியும். விலை பல மடங்கு. முழுக் காருக்கு நிறம் மாற்றுகிறவர்களுக்கு அது வேண்டும். பரிசுப் பொருளுக்குக் காலண்டர் தாராளமாகப் போதும். கைவினைக்காரர்கள் பேர் சொல்லிக் கேட்கிற ஜெர்மன் சரக்கு ஓராகல் 651-ம் காலண்டர் வகைதான்.

கோரல் டிராவில் பெயரை அடிப்பது, கோடாக மாற்றுவது, பிளாட்டருக்கு அனுப்புவது எல்லாவற்றையும் அண்ணன் செய்துகாட்டினார். எனக்கு அதில் சுவாரசியம் இல்லை. ஆனால் பிளாட்டரின் கத்தியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தபோது குனிந்து பார்த்தேன். பென்சில் லெட் மாதிரி ஒரு கம்பி, நுனியில் 45 டிகிரியில் சீவிய கார்பைடு. கூட்டுக்கு வெளியே மயிரிழைதான் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மேலே உள்ள வினைல் அறுபட வேண்டும், அடியில் உள்ள தாள் அறுபடக் கூடாது. ஒவ்வொரு ரோலுக்கும் முதலில் ஒரு சின்னச் சதுரத்தை வெட்டி, உரித்து, தாளின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கிறார். கோடு கண்ணுக்குத் தெரியலாம், விரலுக்குத் தட்டக் கூடாது. முனை மழுங்கினால் எழுத்தின் மூலையெல்லாம் தூக்கிக்கொள்ளும். சிலர் மழுங்கிய கத்தியை வெளியே நீட்டி இன்னும் பத்து நாள் ஓட்டுவார்களாம். “அது தாளையும் சேர்த்து வெட்டும். அப்புறம் உரிக்கிறவ என்னைத் திட்டுவா.”

உரிக்கிறவர் அவர் மனைவி. கடைக்குப் பின்னால் தடுப்புக்கு அந்தப் பக்கம் பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு வெகுநேரம் நான் முன்பக்கம் வரவே இல்லை.

வெட்டி வந்த வினைலைப் பார்த்தால் வெறும் சிவப்புத் தாள். எழுத்து எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எழுத்தைச் சுற்றியுள்ளதை உரித்தெடுத்தால்தான் பெயர் நிற்கும். அந்த அக்காவின் கருவி, ரீஃபில் தீர்ந்த பால்பாயின்ட் பேனாவில் தையல் ஊசியைச் செருகி மெழுகு ஊற்றிச் செய்தது. கடையில் விற்கிற கொக்கி ஊசி ஒன்றை அண்ணன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்; அது பிரிக்காமல் கிடக்கிறது.

‘கார்த்திக்’ என்ற பெயர் போய்க்கொண்டிருந்தது. மூன்று புள்ளி. “இங்கிலீஷ் பேருன்னா பேசிக்கிட்டே உரிச்சிடுவேன் தம்பி. தமிழ்ல இந்தப் புள்ளிங்கதான் உசிர எடுக்கும்” என்றார். புள்ளி இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்கு அடியில் இருக்கிற பசையும் அவ்வளவுதான். சுற்றியுள்ளதை இழுக்கும்போது அதோடு கிளம்பிப் போய்விடும். அவர் மூலையிலிருந்து வினைலைத் தூக்கி, மேலே இழுக்காமல், தாளோடு தாளாக மடக்கிப் படிய இழுத்துக்கொண்டு வந்தார். புள்ளிக்கு ஒரு நூல் முன்னால் நின்றார். ஊசி முனையால் புள்ளியை அழுத்திக்கொண்டு, இடது கையால் மிச்சத்தை அதன்மேலேயே தாண்டவிட்டார். அடுத்த புள்ளி. பிறகு ‘கா’வின் வயிற்றில் இருந்த துண்டைக் குத்தித் தூக்கினார். ‘ண’ வந்தால் சுழிக்குள் சுழி. அதற்கு மூச்சைப் பிடித்துக்கொள்வேன் என்றார். அப்படியும் ஒரு புள்ளி தொலைந்தால் கவலையில்லை. அட்டையின் ஓரத்தில் ஒரு துண்டுத் தாளில் பல அளவில் புள்ளிகளை மட்டும் வெட்டி வரிசையாக வைத்திருக்கிறார். ஊசி முனையில் ஒன்றை எடுத்து, இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிடுகிறார். அது பதிலிப் புள்ளி என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாகப் பெயரின் மேல் டிரான்ஸ்ஃபர் டேப் ஒட்டி, பழைய ஏடிஎம் கார்டால் தேய்த்து, சுருட்டி வைக்கிறார். தமிழ்ப் பெயர் ஒன்றுக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. ஆங்கிலப் பெயருக்கு அதில் பாதிகூட இல்லை.

இந்தப் பெயருக்கு என்ன கிடைக்கிறது? நேராக வருகிற வாடிக்கையாளர் 40 ரூபாய் கொடுக்கிறார். ஆனால் பெரும்பாலான ஆர்டர் ஏஜென்ட் மூலம் வருகிறது. அவர் தருவது 12 ரூபாய், தமிழானாலும் ஆங்கிலமானாலும். அந்தப் பாட்டில் பெட்டிக்குள் போய், ரிப்பன் கட்டிக்கொண்டு, 600 ரூபாய்க்கு விற்கிறது. ஓர் எழுத்து தூக்கியிருந்தால் பாட்டில் விலையையே கழிக்கிறார்கள். பணம் இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்து வரும். சிறு தொழில்களிடம் சரக்கோ வேலையோ வாங்கினால் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பைக் கேட்க ‘உத்யம்’ என்கிற சிறு தொழில் பதிவு வேண்டும். பதிவுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. அண்ணனிடம் பதிவும் இல்லை, பில் புத்தகமும் இல்லை. வாட்ஸ்அப்பில் ‘ஓகே அண்ணா’ என்று வருவதுதான் ஒப்பந்தம். பதிந்துகொள்ளுங்கள் என்று நண்பரும் நானும் மாறி மாறிச் சொன்னோம். தலையாட்டினார். ஏஜென்ட் கோபித்துக்கொண்டால் வருகிற 12 ரூபாயும் போய்விடும் என்ற பயம் முகத்தில் தெரிந்தது. பெட்டிக்கும் ரிப்பனுக்கும் கொடுக்க மனம் வருகிறது, பெயருக்குக் கொடுக்க வரவில்லை. இந்த அநியாயத்துக்கு வாங்குகிற நாமும் உடந்தை.

அண்ணனின் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. கணக்கு நோட்டைக் காட்டினார். ரோல், டேப், கரண்ட், வாடகை, கத்தி எல்லாம் பத்தி பிரித்து எழுதியிருக்கிறார். உரிக்கிற கூலிக்குப் பத்தியே இல்லை. கேட்டால், “அது வீட்ல செய்யுறதுதானே சார்” என்கிறார். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “வெளி ஆள் வச்சுப் பாரு, தெரியும்” என்று பதில் வந்தது.

வீட்டில் தாங்களே செய்கிறவர்களுக்குச் சில விவரங்கள். மீட்டர் கணக்கில் வாங்குவதைவிடவும் மலிவு கட்டிங் பீஸ். பெரிய வேலைக்கு ரோலில் பதினான்கு இஞ்ச் அகலம் போனால் பத்து இஞ்ச் பட்டை மிஞ்சும். பெயர் வெட்ட அதுவே எதேஷ்டம். ஸ்டிக்கர் கடைகளில் இது மூலையில் குவிந்து கிடக்கும். பிறகு எரிக்கவும் கூடாத, மறுசுழற்சிக்கும் எளிதில் போகாத குப்பையாகும். பெரம்பூர்ப் பெண் ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு 100 ரூபாய் கொடுத்தார். துணியில் போட இந்த வினைல் ஆகாது; ஹீட் பிரஸ் வினைல் தனி, விலையும் கூடுதல், வெட்டும்போது கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வெட்ட வேண்டும். பிவிசியை லேசர் மிஷினில் வெட்டித் தரச்சொல்லிக் கேட்காதீர்கள், அமில வாயு வரும். பாட்டிலை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஒரு நாளாவது தண்ணீர் படாமல் இருக்கட்டும். டம்ளரில் வாய் படுகிற விளிம்புக்கு எழுத்து போக வேண்டாம். தினமும் கம்பி நாரால் தேய்க்கிற பாத்திரம் என்றால் பாத்திரக்கடையில் பெயர் வெட்டிக்கொள்வதே நல்லது.

உங்கள் ஊரிலும் நம்பர் பிளேட் கடையாக இருந்த ஸ்டிக்கர் கடை ஒன்று இருக்கும். பாக்கெட் ஆர்டர் போடுவதற்கு முன் அங்கே போய்க் கேளுங்கள், அரை மீட்டர்கூட வெட்டித் தருவார்கள். அவர்களையே வெட்டி உரித்துத் தரச் சொல்வதானால், உரிக்கிற கூலி எவ்வளவு என்று தனியாகக் கேட்டு, தனியாகக் கொடுங்கள்.