மூலை மழுங்காத அட்டை

எனக்குப் பொருளாதாரம் கற்பித்த ஆசிரியர், எது அரிதோ அதற்கு விலை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ஏன் ஸார் அரிதாகிறது என்று கேட்டால், உட்காரச் சொல்லிவிடுவார். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளுக்குக் கொடுக்கிற விலையைப் படிக்கும்போதெல்லாம் அந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பெட்டிகளுக்குள் இந்த அட்டைகளை வைத்து விற்றது. நம் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிசு, அவ்வளவுதான். பெட்டி நசுங்காமலும் இருக்கும், வியாபாரமும் நடக்கும். அப்பா சிகரெட்டை எடுத்துக்கொள்வார்; பையன் படத்தை எடுத்துக்கொள்வான். 500-க்கு மேற்பட்ட படங்களில், பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் படத்தைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். தன் படத்துக்காகக் குழந்தைகள் சிகரெட் பெட்டியைத் தேடக் கூடாது என்று அவர் மறுத்ததாக ஒரு கட்சி. படத்துக்குப் பணம் தரவில்லை என்று கோபித்துக்கொண்டதாக இன்னொரு கட்சி. மனிதர் புகையிலை மெல்லுகிறவர். ஆகையால் இரண்டாவது கட்சிக்கும் கொஞ்சம் பலம் உண்டு. எப்படியோ, எஞ்சியிருப்பவை 50, 60 அட்டைகள்தான். 2022-இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

வாக்னராவது தாமே மறுத்தார். மிக்கி மேன்டிலைக் கடலில் போட்டார்கள். சூயிங்கம் விற்ற டாப்ஸ் கம்பெனி 1952-இல் வெளியிட்ட அட்டைகளில் கடைசிப் பகுதி, ஆட்டப் பருவம் முடிகிற சமயத்தில் கடைக்கு வந்தது. பையன்களுக்கு அதற்குள் வேறு ஆட்டத்தில் புத்தி போய்விட்டது. விற்காத அட்டைகள் பெட்டி பெட்டியாகக் கிடங்கை அடைத்துக்கொண்டு கிடந்தன. 1960-இல் அவற்றைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் சமுத்திரத்தில் கொட்டிவிட்டு வந்ததாக, அந்த அட்டைகளை வடிவமைத்த சை பெர்கரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தவற்றை, பிள்ளை காலேஜுக்குப் போனதும் தாய்மார்கள் ஒழித்துக் குப்பையில் போட்டார்கள். இரண்டுக்கும் தப்பிய ஒரு மேன்டில் அட்டை 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. என் ஆசிரியரிடம் கேட்ட கேள்விக்கு விடை, துடைப்பம்.

இதைப் புரிந்துகொண்ட ஜனங்கள் 1980-களின் பிற்பகுதியில் ஒரு காரியம் செய்தார்கள். ஒன்றையும் எறியாமல் வைத்துக்கொண்டார்கள். கம்பெனிகளும் சளைக்காமல் கோடிக்கணக்கில் அச்சடித்துத் தள்ளின. பிள்ளையின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று பெட்டியோடு பரணில் ஏற்றியவர்களும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இன்று வாங்கிய விலைக்குக்கூடப் போகாது. எல்லாரும் பத்திரப்படுத்திவிட்டார்களே, பாவம்!

ஆனால் எனக்கு மனத்தாங்கல் விலையைப் பற்றி அல்ல. எந்த அட்டைக்கு விலை என்பதைப் பற்றி. மூலை மழுங்கியிருக்கக் கூடாது, மடிப்பு விழுந்திருக்கக் கூடாது, விரல் அழுக்குப் படிந்திருக்கக் கூடாது. அதாவது எந்தப் பையனும் அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியிருக்கக் கூடாது. இதைச் சோதித்து 1 முதல் 10 வரை மார்க்குப் போட்டு, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து முத்திரை வைத்துத் தருவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. நியூ ஜெர்ஸியில் இருக்கும் என் தங்கை மகன் லீவுக்கு வந்தபோது அப்படி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். பதினோரு வயசு. “இவன் எப்படிடா ஆடுவான்?” என்று கேட்டேன். “ஆட்டம் பார்த்ததில்லை மாமா. ஆனா 9 வந்திருக்கு” என்றான். கூட்டை என்னிடம் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தான். திரும்ப வாங்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த மார்க்கு வேதத்துக்கு ஆதிபர்வம் ஒன்று உண்டு. 1991-இல் ஒரு வாக்னர் அட்டையை ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினார். சோதித்தவர்கள் 8 மார்க்குப் போட்டார்கள். பிறகு அது ஒரு கடைக்காரக் கம்பெனியின் பரிசுப் போட்டியில் தபாலாபீஸில் வேலை பார்த்த ஓர் அம்மாளுக்கு விழுந்தது. வரி கட்ட வழியில்லாமல் அந்த அம்மாள் அதை விற்க வேண்டியதாயிற்று. 2007-இல் அதன் விலை 28 லட்சம் டாலர். 2013-இல், அதை ஆதியில் விற்ற பில் மாஸ்ட்ரோ வேறொரு மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, ஓரங்களைக் கத்தரித்ததும் தாம்தான் என்று சேர்த்துச் சொன்னார். மூலை கூர்மையாக இருந்ததற்குக் காரணம் கத்தி!

இத்தனை சந்தடியிலும் என் மனசில் நிற்கிற ஆசாமி ஜெஃபர்ஸன் பர்டிக். சிரக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீல்வாதத்தில் விரல்கள் முடங்கிப்போன மனிதர். விளையாட்டு அட்டை, வாழ்த்து அட்டை, விளம்பர அட்டை என்று 3,00,000-க்கு மேல் சேர்த்தார். இன்றைக்கும் அந்தச் சிகரெட் அட்டைகளை டி206 என்று சொல்கிறார்களே, அவர் பட்டியலில் கொடுத்த எண் அது. அதில் வாக்னருக்கு அவர் போட்ட விலை 50 டாலர்; அதுவே அந்தக் காலத்தில் அநியாய விலை. சேர்த்ததையெல்லாம் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குச் சும்மா கொடுத்தார். கொடுத்ததோடு விடாமல், அங்கேயே ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு, நீட்ட முடியாத விரல்களால் பசை தடவி, ஒவ்வொன்றாக ஆல்பங்களில் ஒட்டினார்.

பசை தடவி! இன்றைய வியாபாரி கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வான். பசை பட்ட அட்டைக்கு எவன் 9 மார்க்குப் போடுவான்? பர்டிக்குக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த பக்கத்தில் எந்த அட்டை வரவேண்டும் என்பதுதான் கவலை. 1963 ஜனவரியில் ஒரு நாள் கடைசி அட்டையை ஒட்டிவிட்டு, வேலை முடிந்தது, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்புறம் ஆஸ்பத்திரி. மார்ச்சில் காலமானார். ஆல்பங்கள் மியூசியத்தில் இருக்கின்றன. பேஸ்பால் அட்டைகள் மட்டுமே 30,000-க்கு மேல். வாக்னரும் அவற்றில் ஒருவர்.